மதிப்பு என்றொரு கட்டம்

ஆஷ் மரம் என்றான்.
மூன்றடி நீளம், நுனியில் அகன்று வளைந்திருந்தது.
துடுப்பா என்று கேட்டேன்.
கடலே இல்லாத நாட்டுக்கு
எவனாவது துடுப்போடு வருவானா என்று
பக்கத்து மேசைக்காரி சிரித்தாள்.

உலான்பாத்தர் விமான நிலையம், விடிகாலை நான்கு.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
பெயர் ஃபியக்ரா, ஊர் அயர்லாந்து,
சுரங்கக் கம்பெனியில் மூன்று வருட ஒப்பந்தம்.
ஹர்லிங் என்றான்,
அந்த ஒரு சொல் போதும் என்பதுபோல.
போதவில்லை.

கையுறையைக் கழற்றினான்.
இல்லாத பந்தை மட்டை நுனியில் ஏந்தி
நாலு எட்டு ஓடி
வரிசையில் நின்றவர்களின் தலைக்கு மேலே
ஓர் அடி அடித்தான்.
பந்து போன திசையை
எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்,
மோப்ப நாய் உட்பட.

இறுதி ஆட்டத்துக்கு எண்பதாயிரம் பேர் வருவார்களாம்.
இவன் ஆடியது சின்ன ஊருக்குத்தான்.
ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை
பாதிரியார் பூசையை நடுவில் நிறுத்தி
இவன் பெயரைச் சொன்னாராம்.

படிவத்தில் பொருள் என்றொரு கட்டம்.
மதிப்பு என்றொரு கட்டம்.
ஒரு பாதிரியாரின் குரலை
எந்த நாணயத்தில் மாற்றுவது?
'கட்டை, ஒன்று' என்று எழுதினேன்.
மதிப்பு: இல்லை.
முகத்தைப் பார்க்காமல் முத்திரை குத்தினேன்.
எனக்குத் தெரிந்த முகம் அது.

என் தம்பி தாஷ்செவேக் மாகாணத்து வல்லூறு.
பட்டம் அது. மல்யுத்தத்தில் வாங்கியது.
மார்பு திறந்த சட்டையோடு கைகளை விரித்து
அவன் கழுகாட்டம் ஆடி வருகையில்
பாதி கறந்த குதிரையை அப்படியே விட்டுவிட்டு
பெண்கள் ஓடி வருவார்கள்.
அவன் வியர்வையைத் தொட்டுப்
பிள்ளைகளின் நெற்றியில் தடவுவார்கள்.

செக் நாட்டில், லிபரெட்சில்,
கார் இருக்கை தைக்கும் ஆலையில்
அவன் பெயர் 'அந்தத் தடியன்'.
நசுங்கிய காதைப் பார்த்து
எந்த இயந்திரத்தில் மாட்டியது என்கிறார்கள்.
வல்லூறு என்று ஒருமுறை சொன்னானாம்.
கோழிப் பண்ணையில் இருந்தாயா என்றார்களாம்.

அங்கே எல்லாம் ஐஸ் ஹாக்கி.
இரவுப் பணிக்காரர்கள் மொத்தமாகக் காய்ச்சலில் விழுந்தால்
தொலைக்காட்சியில் ஆட்டம் என்று அர்த்தம்.
தோற்ற மறுநாள்
கேன்டீனில் கரண்டிகூடச் சத்தமிடாது.
இது தெரியாமல் தம்பி
பெருங்குரலில் காலை வணக்கம் சொல்லிவிட்டு,
ஒருவரும் நிமிராததால்
யார் வீட்டில் சாவு என்று விசாரித்திருக்கிறான்.

மேஸ்திரி விளாஸ்திமில்தான்
அவனை மேலும் கீழும் அளந்தவர்.
வலையின் அகலத்துக்கு ஒரு மனிதன்!
சனிக்கிழமை ஆலை அணிக்குக் கோல்கீப்பர் இல்லை.
சறுக்கத் தெரியாதே என்றான் தம்பி.
நிற்கத் தெரிந்தால் போதும் என்றார்கள்.

நின்றான்.
ஏழு வயதிலிருந்து அவன் கற்றது அது ஒன்றுதான்.
முழங்கால் தரையில் படக் கூடாது.
பட்டால் தோல்வி.
தோற்றவன் ஜெயித்தவனுடைய கக்கத்தின் கீழ்
குனிந்து நுழைந்து போக வேண்டும்.

அந்தக் கறுப்பு வில்லையோ
தரையோடு தரையாக வந்தது.
கால்களுக்கு நடுவில் ஒன்று. இன்னொன்று.
நான்கு.
ஐந்தாவது கிளம்பும்போது
விளாஸ்திமில் தொண்டை கிழியக் கத்தினார்:
மண்டி போடு, மண்டி போடுடா!

தொலைபேசியில் இந்த இடத்தில்
தம்பி நெடுநேரம் பேசவில்லை.
லைன் அறுந்துவிட்டதென்று
இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

'போட்டேன் அக்கா.
இரண்டு முழங்காலும்.
வில்லை மோதி நின்றுவிட்டது.
என்னென்னவோ கத்திக்கொண்டு வந்து
என் தலைக்கவசத்தைத் தட்டுகிறார்கள்.
நான் எழுந்து,
யாருடைய கக்கத்தின் கீழ் போக வேண்டும் என்று
தேடினேன்.
எல்லோருமே
கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.'